20 ரூபாய் டார்ச்சும் 20 நிமிடத் தண்ணீரும்

1/
மக்களே, கொஞ்சம் நீளமான திரெட் இது. வீட்டில் ஏழாவது எட்டாவதுக்கு மேல் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் கடைசி வரை படித்துவிடுங்கள். பட்டறை வைத்திருப்பவர்களும் படியுங்கள்.

"தூக்கிப் போடுற பொருள்ல கேஸ் டார்ச்", "வெறும் 20 ரூபாயில் மினி வெல்டிங் மெஷின்". இந்த மாதிரி வீடியோ உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். காலி பாட்டில், பழைய சிரிஞ்சு, தீர்ந்துபோன பேனா ரீஃபில், லைட்டர் கேஸ், கொஞ்சம் பசை. மூன்று நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். கடைசியில் ஊசி மாதிரி ஒரு நீலத் தீ, பின்னால் அதிரடி மியூசிக்.

2/
இங்கே டார்ச் என்பது கைவிளக்கு இல்லை. நகைப் பட்டறையில் பத்தர் பொடி வைத்துப் பற்றவைக்கும் தீக்குழல். ஏ.சி. மெக்கானிக் செம்புக் குழாயை ஒட்டப் பயன்படுத்துவது. எரிவாயு சின்னத் துளை வழியாக வேகமாக வெளியே வந்து, வழியிலேயே காற்றையும் சேர்த்துக்கொண்டு, ஆயிரம் டிகிரி செல்சியஸுக்கு மேல் சூட்டில் எரியும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை வீட்டில் செய்யாதீர்கள், செய்ய விடாதீர்கள். அந்த 20 ரூபாய் உண்மையான விலை இல்லை. கடை டார்ச்சுக்கு நாம் கொடுக்கும் காசில் பெரும்பகுதி, தீ நம் பக்கம் திரும்பாமல் தடுக்கும் பாகங்களுக்கானது. வீடியோவில் மிச்சம் பிடிப்பது அந்தப் பாகங்களின் காசைத்தான்.

3/
"டாக்டருக்கு இதெல்லாம் எதுக்கு? ஊசி போடுற வேலையைப் பாருங்க" என்று யாராவது கமெண்டில் வருவார்கள். வரட்டும்.

அந்தப் பாகம் இல்லாத டார்ச் வெடித்த பிறகு அடுத்து வரும் இடம் எங்கள் கேஷுவாலிட்டிதான். அதனால் எனக்கும் பேச இடம் உண்டு. வெடித்த பிறகு நாங்கள் செய்வதைவிட, வெடிக்கும் முன்னால் நீங்கள் செய்வதுதான் அந்தக் கையைக் காப்பாற்றும்.

4/
முதலில் எரிவாயுவைப் புரிந்துகொள்வோம்.

லைட்டரில் இருப்பது பியூட்டேன். வீட்டு சிலிண்டரில் புரோப்பேனும் பியூட்டேனும் கலந்திருக்கும். அழுத்தத்தில் இருக்கும்வரை இவை திரவம். வெளியே வந்தால் வாயு. திரவம் வாயுவாக மாறும்போது சுமார் 250 மடங்கு பெருகும்.

ஒரு கணக்கு போடுவோம். 10 மில்லி திரவம், அதாவது இரண்டு டீஸ்பூன், சிந்தினால் இரண்டு லிட்டருக்கு மேல் வாயு. இந்த வாயு காற்றில் 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். அப்படியென்றால் அந்த இரண்டு டீஸ்பூன், நூறு லிட்டருக்கு மேற்பட்ட காற்றைப் பற்றக்கூடியதாக ஆக்கிவிடும். பையன் உட்கார்ந்து வேலை செய்யும் கட்டிலைச் சுற்றி இருக்கும் காற்று அவ்வளவுதான்.

5/
இன்னொன்று. இந்த வாயுக்கள் காற்றைவிடக் கனமானவை. புகை மாதிரி மேலே போகாது. தண்ணீர் மாதிரி தரையில் ஓடிக் கட்டிலுக்கு அடியிலும் ஃபிரிட்ஜுக்குப் பின்னாலும் தேங்கும். ஜன்னல் திறந்திருந்தாலும் கீழே தேங்கியது அப்படியே இருக்கும்.

சிலிண்டர் கேஸில் வாடை வருவதற்காகவே ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். நல்ல தரமான லைட்டர் ரீஃபில் கேஸில் அந்த அளவு வாடை இருக்காது. ஆகவே கசிந்தாலும் "வாடையே வரலையே" என்று இருந்துவிடுவோம்.

6/
இப்போது பாகங்களுக்கு வருவோம்.

வீட்டு அடுப்பில் சிலிண்டருக்கும் பர்னருக்கும் நடுவில் ரெகுலேட்டர் இருக்கிறது. உள்ளே இருக்கும் பல மடங்கு அழுத்தத்தை அது சுமார் 30 மில்லிபாராக இறக்கித்தான் அடுப்புக்கு அனுப்புகிறது. அந்தக் குட்டி எந்திரம் இருப்பதால்தான் நம் அம்மாக்கள் தினமும் பயமில்லாமல் தீயின் பக்கத்தில் நிற்கிறார்கள்.

வீடியோ டார்ச்சில் அந்த வேலையை யார் செய்கிறார்கள்? பையனின் கட்டை விரல். அல்லது சைக்கிள் டியூபில் இருந்து கழற்றிய வால்வு.

7/
அடுத்து, வாயுவை அடைத்து வைக்கும் பாத்திரம்.

பியூட்டேன் 20 டிகிரியில் வெளிக்காற்றைப் போலச் சுமார் 2 மடங்கு அழுத்தம் தரும். 50 டிகிரியில் அது சுமார் 5 மடங்கு. டியோடரன்ட் கேனை எடுத்துப் பாருங்கள்: 50 டிகிரிக்கு மேல் சூட்டில் வைக்காதே, காலியான பிறகும் குத்தாதே, எரிக்காதே என்று போட்டிருக்கும். பெரும்பாலான கேன்களில் ஸ்பிரேயைத் தள்ளி வெளியே அனுப்புவதே இந்தப் பியூட்டேனும் புரோப்பேனும்தான். "காலி" என்று நாம் சொல்லும் கேனில் வாசனைத் திரவம் தீர்ந்திருக்கும். வாயு மிச்சம் இருக்கும்.

கூல்டிரிங்க்ஸ் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக் 70, 80 டிகிரியில் இளகத் தொடங்கும். சிரிஞ்சும் பிளாஸ்டிக். குளூ கன் பசை சூட்டில் உருகி ஒட்டியது. மறுபடி சூடானால் மறுபடி இளகும். இவற்றில் இருந்து ஒரு சாண் தூரத்தில் ஆயிரம் டிகிரித் தீ. வீடியோவில் பத்து விநாடி எரியவிட்டு கட் செய்துவிடுவார்கள். பத்து விநாடிக்குப் பசை தாங்கும். பையன் பத்து விநாடியோடு விடமாட்டான்.

8/
மூன்றாவதுதான் ரொம்ப முக்கியம். தீ உள்ளே போவது.

குழல் முனையில் தீ நிற்பது எப்படி? உள்ளிருந்து வாயு வெளியே வரும் வேகமும், தீ உள்பக்கம் நகர நினைக்கும் வேகமும் சரிக்குச் சரி இருப்பதால். கேஸ் தீரத் தீர வெளியே வரும் வேகம் குறையும். குழலுக்கு உள்ளே ஏற்கெனவே காற்றும் கலந்திருந்தால், தீ முனையை விட்டு உள்ளே நடந்து போய்விடும். உள்ளே பாட்டில். பாட்டிலைப் பிடித்திருப்பது கை. பாட்டிலுக்கு மேலே குனிந்திருப்பது முகம்.

எங்களிடம் வரும் தீக்காயங்களில் கை, முகம், கழுத்து ஒன்றாக வெந்திருப்பதற்குக் காரணம் இதுதான். வேலை செய்யும்போது நாம் உட்காரும் விதமே அப்படி.

9/
தீ பின்னோக்கிப் போவதை மனிதன் எப்போதோ கண்டுபிடித்துத் தடுத்துவிட்டான். நிலக்கரிச் சுரங்கத்தில் விளக்குத் தீ பட்டு வாயு வெடித்துத் தொழிலாளர்கள் செத்துக்கொண்டிருந்த காலத்தில், 1815-இல் ஹம்ப்ரி டேவி விளக்கைச் சுற்றி மெல்லிய கம்பி வலை போட்டார். வலை சூட்டை இழுத்துக்கொள்ளும். தீ அந்தப் பக்கம் தாண்டாது. வெல்டிங் கடையில் குழாயில் மாட்டும் தடுப்பான் செய்வதும் தீயை அந்தப் பக்கம் தாண்டவிடாத இதே வேலைதான்.

இருநூறு வருடத்துக்கு முந்தைய அறிவு இது. 2 மில்லியன் வியூஸ் போன வீடியோவில் இதைப் பற்றி ஒரு வரி சொல்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

10/
இன்னும் மோசமான இரண்டு வகை இருக்கிறது.

ஒன்று, பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி, மீன் தொட்டிப் பம்பால் காற்றை உள்ளே விட்டு, ஆவியை எரிப்பது. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரிக் குளிரில்கூடப் பற்றும் அளவுக்கு ஆவி விடக்கூடியது. நம் ஊர் மே மாதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இதில் எரிபொருளும் காற்றும் பாட்டிலுக்கு உள்ளேயே கலந்தாகிவிட்டது. இனி தேவை ஒரு பொறி மட்டும். பம்பு நின்றால் அந்தப் பொறி முனையில் இருந்தே உள்ளே போகும். கரன்ட் கட் ஆனாலே போதும்.

இரண்டு, தண்ணீரில் உப்புப் போட்டுக் கரன்ட் விட்டு ஹைட்ரஜன் எடுப்பது. "தண்ணியில் ஓடும் டார்ச்" என்பார்கள். ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதத்தில் இருந்து 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்தாலும் எரியும். பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்கே சரியாகத் தெரியாது. உப்புத் தண்ணீர் என்றால் கூடவே குளோரின் வாயுவும் வரும். மூடிய அறையில் அதைச் சுவாசித்தால் நுரையீரல் பாதிக்கும். தீயே பற்றாமல் மூச்சுத் திணறலோடு அட்மிட் ஆகலாம்.

11/
தீக்காயம் இல்லாத ஆபத்துகள் இன்னும் மூன்று. இவை டாக்டர்கள் மட்டும் கவலைப்படும் விஷயங்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன்.

குழாயை வாயில் வைத்துக் கேஸை உறிஞ்சிப் பார்ப்பது. பியூட்டேனை நேரடியாக இழுத்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகி அங்கேயே நின்றுபோகலாம். முதல் தடவையிலேயே நடக்கலாம். இளம் வயது, நல்ல உடம்பு என்ற பாதுகாப்பெல்லாம் இதில் கிடையாது.

திரவ கேஸ் கையில் பீறிட்டால் தோல் உறைந்துபோகும். பார்க்கச் சாதாரணமாக வெளுத்திருக்கும். அதுவும் தோல் திசு சாகும் காயம்தான்.

பிறகு அந்த சிரிஞ்சு. குப்பையில் இருந்து ஊசியோடு எடுக்கிறார்கள். ஹெபடைட்டிஸ் பி ரத்தத்தில் பரவும் நோய். குப்பையில் கிடக்கும் ஊசியைப் பிள்ளைகள் எதற்காகவும் தொடக் கூடாது. குத்திவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும்.

12/
இப்போது ஆஸ்பத்திரிக்குள் வாருங்கள். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றிச் சொல்கிறேன்.

கோடை விடுமுறை. ஒன்பதாவது முடித்த பையன். வலது கை, முகம், நெஞ்சு. கை முழுக்க வெள்ளையாக டூத்பேஸ்ட். நெஞ்சில் மஞ்சள். கூட வந்த பெரியப்பா, "வெந்நீர் கொட்டிருச்சு சார்" என்றார். புருவமும் மூக்கு மயிரும் கருகியிருந்தது. வெந்நீர் புருவத்தைக் கருக்காது.

"தம்பி, என்ன பண்ணிட்டிருந்த? உண்மையைச் சொல்லு, யாரும் திட்ட மாட்டாங்க" என்று கேட்டதும் அழுதுகொண்டே சொன்னான். குரல் கரகரப்பாக இருந்தது. எனக்குப் பயம் கொடுத்தது கைப் புண்ணைவிட அந்தக் குரல்தான். சூடான காற்று தொண்டைக்குள் போயிருந்தால் சில மணி நேரத்தில் உள்ளே வீங்கி மூச்சுக்குழாய் அடைத்துவிடும்.

13/
எங்கள் கணக்கு எப்படி ஓடும் தெரியுமா?

பெரியவர்களுக்கு ஒரு கை முழுவதும் உடம்பில் 9 சதவீதம். முகமும் கழுத்தின் முன்பக்கமும் சேர்த்து 4.5. நெஞ்சுப் பகுதி 9. மொத்தம் 22.5 சதவீதம். பதினாலு வயதுப் பையனுக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான். எடை 40 கிலோ என்று வையுங்கள். பார்க்லேண்ட் கணக்கின்படி கிலோவுக்கும் சதவீதத்துக்கும் 4 மில்லி வீதம் பெருக்கினால் 3,600 மில்லி. முதல் நாளில் இவ்வளவு திரவம் நரம்பு வழியாக ஏற்ற வேண்டும். அதில் பாதி, 1,800 மில்லி, முதல் 8 மணி நேரத்துக்குள்.

இந்த 8 மணி நேரம் வெந்த நிமிடத்தில் இருந்து தொடங்குகிறது. ஆஸ்பத்திரி வாசலில் இருந்து இல்லை. வீட்டில் பேஸ்ட் தடவி, அப்பா வரட்டும் என்று காத்திருந்த ஒன்றரை மணி நேரமும் அதற்குள் அடக்கம். வெந்த தோல் வழியாக உடம்பின் நீர் கசிந்துகொண்டே இருக்கும். கிட்னிக்கு ரத்தம் குறையும். தீக்காயம் தோலோடு நிற்கும் நோய் இல்லை.

14/
உயிர் பிழைத்த பிறகுதான் கை பற்றிய பேச்சே.

ஆழமாக வெந்த கையில் தொடையில் இருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டியிருக்கும். ஆறும்போது தழும்பு சுருங்கும். விரல்களை உள்பக்கம் இழுக்கும். அதைத் தடுக்க ஸ்பிளின்ட், தினமும் பிசியோதெரப்பி. அழுத்தமான கையுறையை மாதக்கணக்கில், குளிக்கும் நேரம் தவிர நாள் முழுக்கப் போட வேண்டும். வெயிலில் அரிக்கும். பிள்ளைகள் கழற்றி எறிவார்கள். அம்மா கெஞ்சுவார். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு வேறொருவர் எழுத வேண்டிய நிலை வரும்.

அரசு ஆஸ்பத்திரியில் இதற்கெல்லாம் பணம் கட்ட வேண்டாம். சென்னை கீழ்ப்பாக்கம் மாதிரி பெரிய தீக்காயப் பிரிவுகளும் நம்மிடம் இருக்கின்றன. ஆனால் அம்மா வேலைக்குப் போகாத நாள்களை யார் தருவது?

15/
சரி, மீறி நடந்துவிட்டது. என்ன செய்யணும்? இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

துணியில் தீ என்றால் ஓடக் கூடாது. நில், படு, உருள். முகத்தைக் கையால் மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். போர்வை இருந்தால் போர்த்தி அணையுங்கள்.

மோதிரம், வளையல், கைக்கயிறு, வாட்ச் உடனே கழற்றுங்கள். பிறகு வீங்கிவிடும். ஒட்டாத துணியை எடுங்கள். தோலோடு ஒட்டியதை இழுக்காதீர்கள்.

குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். கடிகாரம் பார்த்து 20 நிமிடம். "கொஞ்சம் காட்டினோம்" போதாது. தீ அணைந்த பிறகும் தோலுக்குள் இருக்கும் சூடு ஆழமாக இறங்கிக்கொண்டிருக்கும். ஓடும் தண்ணீர் அதை வெளியே இழுக்கும். வெந்து மூன்று மணி நேரத்துக்குள் என்றால் இப்போதும் பலன் உண்டு. குழாய் இல்லையென்றால் குடத்தில் இருந்து மெதுவாக ஊற்றுங்கள். ஐஸ் வேண்டாம். சின்னப் பிள்ளை என்றால் வெந்த இடத்தை மட்டும் நனைத்து, மற்ற உடம்பைத் துணி போர்த்திக் கதகதப்பாக வையுங்கள். நடுங்க ஆரம்பித்தால் தண்ணீரை நிறுத்திவிடுங்கள்.

மூச்சுத் திணறல், குரல் மாற்றம், மயக்கம் இருந்தால் 20 நிமிடத்துக்காகக் காத்திருக்காமல் முதலில் 108-ஐக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை தண்ணீர் ஊற்றுங்கள்.

16/
பேஸ்ட், மஞ்சள், இங்க், காப்பித்தூள், மாவு, முட்டை, நெய், சேறு, எதுவும் வேண்டாம். சூட்டை உள்ளேயே அடைக்கும். கிருமி சேர்க்கும். காயம் எவ்வளவு ஆழம் என்று நிறத்தை வைத்துத்தான் பார்ப்போம், அது தெரியாமல் போகும். கடைசியில் அந்தப் பேஸ்டை நாங்கள் சுரண்டி எடுக்க வேண்டும். வெந்த தோலில் சுரண்டுவது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

துவைத்த சுத்தமான பருத்தித் துணியால், வேட்டியோ துப்பட்டாவோ, தளர்வாக மூடுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறதா என்று கேட்போம், நினைவில் வையுங்கள்.

கை, முகம், பாதம், மூட்டு, பிறப்புறுப்பு: இங்கே எவ்வளவு சின்னக் காயம் என்றாலும் ஆஸ்பத்திரி. மற்ற இடத்தில் காயம்பட்டவரின் உள்ளங்கை அளவுக்கு மேல் போனால் ஆஸ்பத்திரி. வெள்ளையாக, தோல்செருப்பு மாதிரி கெட்டியாக இருந்து "வலியே இல்ல டாக்டர்" என்றால் சந்தோஷப்படாதீர்கள். வலியை உணரும் நரம்பு முனைகளும் வெந்துவிட்டன என்று அர்த்தம்.

17/
டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது.

தீக்காயம் என்றால் நாங்கள் ஏ.ஆர். பதிவு போடுவோம். போலீசுக்குத் தகவல் போகும். அது நடைமுறை. அந்தப் பயத்தில் "வெந்நீர்", "பட்டாசு" என்று மாற்றிச் சொல்கிறார்கள். வெந்நீரில் வெந்தவருக்குத் தொண்டைக்குள் போய் நாங்கள் தேட மாட்டோம். மூடிய அறையில் வாயு வெடித்தது என்று தெரிந்தால் முதலில் மூச்சுக்குழாயைத்தான் பார்ப்போம். கேஸ், பெட்ரோல், உப்புத் தண்ணீர்: எது என்பதைப் பொறுத்துச் சிகிச்சை மாறும். நீங்கள் மறைக்கும் ஒரு வார்த்தை சில மணி நேரத்தைத் தின்றுவிடும்.

18/
இனி கமெண்டில் வரப்போகும் கேள்விகள்.

"நாங்கல்லாம் சின்ன வயசுல தீப்பெட்டி வெடி, கார்பைடு துப்பாக்கி எல்லாம் செஞ்சவங்கதான். ஒண்ணும் ஆகல."

உங்களுக்கு ஆகவில்லை. மகிழ்ச்சி. ஆனவர்கள் இந்த கமெண்டைப் போட வரமாட்டார்கள். கார்பைடு விளையாட்டில் கண் போனவர்களைக் கண் டாக்டர்களிடம் கேளுங்கள், சொல்வார்கள்.

"வீடியோல அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

வெடித்த வீடியோவை யாரும் அப்லோட் செய்வதில்லை. பத்தாவது தடவையில் சரியாக வந்ததைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள்.

19/
"டாக்டர், நான் சின்னப் பட்டறை வச்சிருக்கேன். நல்ல டார்ச் வாங்கக் காசு இல்ல."

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் மரியாதையோடு பதில் சொல்கிறேன். உங்கள் கஷ்டம் நிஜம். ஆனால் உங்கள் முதலீடு எது? கைதான். வலது கை மூன்று மாதம் கட்டில் இருந்தால் பட்டறை வாடகையை யார் கொடுப்பது? பியூட்டேன் கேனில் மாட்டும் சின்ன டார்ச் தலை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பெரிய வேலைக்கு, முகவரிச் சான்று இல்லாமல் அடையாள அட்டையை மட்டும் காட்டி 5 கிலோ சிலிண்டர் வாங்கலாம். வீட்டு சிலிண்டரில் இருந்து சின்ன சிலிண்டருக்கு மாற்றுவது சட்டப்படி குற்றம். அதைவிட, மாற்றும் அந்த நேரம்தான் கசிவு அதிகம்.

குழாய், வாஷர், ரெகுலேட்டர்: இந்த மூன்றில் மிச்சம் பிடிக்காதீர்கள். பழைய இரும்பில் மேஜை செய்யுங்கள், ஸ்டாண்டு செய்யுங்கள். நானே கைதட்டுவேன்.

20/
இப்போது முக்கியமான ஆள்: உங்கள் வீட்டுப் பையன், பொண்ணு.

திட்டாதீர்கள். போனைப் பிடுங்காதீர்கள். தூக்கிப் போடும் பொருளில் ஒன்று செய்து பார்க்க வேண்டும் என்று தோன்றுவது நல்ல மூளை. அதை அடித்து உட்கார வைத்தால் அடுத்த தடவை மொட்டை மாடியில், கதவைச் சாத்திக்கொண்டு செய்வான். கதவு சாத்திய அறையில் நடப்பதுதான் எங்களுக்கு மோசமாக வந்து சேர்கிறது.

"நீலத் தீ எப்படி வருதுன்னு தெரியணுமா? வா, அடுப்புலயே காட்டுறேன்" என்று கூப்பிடுங்கள். பர்னருக்குக் கீழே குழாயில் காற்று போகும் துவாரத்தைக் காட்டுங்கள். காற்று குறைந்தால் மஞ்சள் தீ, பாத்திரத்தில் கரி. காற்று சரியாகச் சேர்ந்தால் நீலத் தீ. டார்ச்சின் ரகசியம் முழுதும் இவ்வளவுதான்.

21/
ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1855 வாக்கில் ஜெர்மனியின் ஹைடல்பெர்கில் ராபர்ட் பன்சனும், கருவி செய்யும் பீட்டர் டெசாகாவும் சேர்ந்து உருவாக்கிய பர்னர் உங்கள் லேபில் இருக்கும். பல பள்ளிகளில் அது பிராக்டிகல் பரீட்சை அன்று மட்டும்தான் வெளியே வருகிறது. வருடத்தில் ஒரு பீரியட், அதன் காற்றுத் துவாரத்தைத் திறந்து மூடிக் காட்டுங்கள். மேலே கம்பி வலை பிடித்து, தீ ஏன் வலையைத் தாண்டவில்லை என்று கேளுங்கள். டேவி விளக்கு அதுதான். கையில் தண்ணீர் வாளி, கண்ணில் கண்ணாடி, பக்கத்தில் தெரிந்த ஆள். இப்படி ஒருமுறை பார்த்த பிள்ளைக்கு வீடியோவில் என்ன இல்லை என்று தானே தெரியும்.

தீயோடு வேலை செய்வதுதான் ஒருவனுக்குப் பிடிக்கிறது என்றால் அரசு ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு இருக்கிறது. எட்டாம் வகுப்பு போதும். ஒரு வருடம். அவன் ஆசை நாளைக்கு அவனுக்குச் சோறு போடும். அதற்கு அவன் கை வேண்டும்.

22/
வீடியோ போடும் தம்பிகளே, உங்களையும் வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. உங்களுக்குக் கைவேலை தெரியும், எங்களில் பலருக்குத் தெரியாது. பழைய மோட்டாரில் ஃபேன், அட்டைப் பெட்டியில் சோலார் அடுப்பு, பிளாஸ்டிக் பாட்டிலில் சொட்டு நீர்: ஆயிரம் இருக்கிறது. அடைத்து வைத்த வாயுவும் தீயும் சேரும் ஐட்டத்தை மட்டும் விட்டுவிடுங்கள். "வீட்டில் முயற்சிக்காதீர்கள்" என்று கீழே ஒரு வரி போட்டுவிட்டு, மேலே "வீட்டிலேயே செய்யலாம்" என்று தலைப்பு வைக்காதீர்கள். பிள்ளைகள் தலைப்பைத்தான் படிக்கிறார்கள்.

23/
இன்றைக்கே செய்யக்கூடியது மூன்று.

பீரோ மேல், மேஜை அடியில், மொட்டை மாடியில் லைட்டர் கேஸ் கேன், வெட்டிய டியோடரன்ட் கேன், பாட்டிலில் பெட்ரோல் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு சுற்றுப் பாருங்கள். இருந்தால் நெருப்பும் சுவிட்சும் இல்லாத, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். சிலிண்டர் கேஸ் கசிவு என்றால் ரெகுலேட்டரை மூடி, சுவிட்சைத் தொடாமல், எல்லாரும் வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள்.

"20 நிமிடம் தண்ணீர், வேறு எதுவும் தடவாதே": இதை வீட்டில் இருக்கும் பாட்டி முதல் பேத்தி வரை சொல்லவையுங்கள்.

இரவு சாப்பிடும்போது பிள்ளையிடம் கேளுங்கள், "இப்ப என்ன செஞ்சுட்டிருக்க? எனக்கும் காட்டு." பயமில்லாமல் காட்டும் வீட்டில், ஆபத்தானது எதுவாக இருந்தாலும் அது உங்கள் கண்ணில் முதலில் படும். எங்கள் கண்ணில் படாது. எனக்கு அதுதான் வேண்டும்.

இந்தத் திரெட்டைக் குடும்ப குரூப்பிலும் பள்ளி பெற்றோர் குரூப்பிலும் பகிருங்கள். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், டூட்டி முடிந்து பதில் சொல்கிறேன்.